நான் திரும்பப் பெற்ற அறிக்கை

கையெழுத்திட்டுக் கொடுத்த ஓர் அறிக்கையை நான் திரும்பப் பெற்றது என் பணிக்காலத்தில் ஒரே ஒரு முறைதான். என்.எம்.ஆர். பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். யோசித்துப் பார்த்தபோது சரியாக அமைந்த அறிக்கைகள் எதுவும் நினைவுக்கு வரவில்லை, இது மட்டும் வந்தது. கருவியை இயக்கும் முறை கையேட்டில் இருக்கிறது. அதை உங்களால் படித்துக்கொள்ள முடியும் என்பதால் நான் அதற்குள் போகவில்லை.

உங்களில் சிலர் நெசவு வேதியியல் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள், அவர்களுக்காக மட்டும் ஒரு வார்த்தை. இந்தக் கருவி ஒரு பெரிய காந்தத்தைக் கொண்டு, ஒரு மூலக்கூறில் உள்ள ஹைட்ரஜன் அணுக்கள் ஒவ்வொன்றும் எந்தச் சூழலில் இருக்கிறது என்பதைக் கோடுகளாக வரைந்து காட்டும். பக்கத்தில் ஒரு ஹைட்ரஜன் இருந்தால் கோடு இரண்டாகப் பிளக்கும். இரண்டு இருந்தால் மூன்றாகப் பிளக்கும். கோடுகள் மெலிதாக இருந்தால் இதையெல்லாம் எண்ணிவிடலாம். தடித்துவிட்டால் அடுத்தடுத்த கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டி மேடாகிவிடும், அதன் பிறகு எதையும் எண்ண முடியாது. பிரிதிறன் என்று நாம் சொல்வது இதைத்தான்.

கதிர்வேல் என்று ஒருவர், திருப்பூரில் ஒரு ஏற்றுமதி பனியன் நிறுவனத்தின் தர மேலாளர். ஒரு நாள் காலை பத்து மணிக்கு எங்கள் ஆய்வகத்துக்கு வந்தார். கையில் ஒரு கண்ணாடிப் பாட்டில் இருந்தது. அவர்கள் அனுப்பிய குழந்தைகள் உடுப்பில், தடை செய்யப்பட்ட ஒருவகை டிடர்ஜெண்ட் எச்சம் இருப்பதாக வெளிநாட்டு வாடிக்கையாளர் சரக்கை நிறுத்தி வைத்திருந்தார். நோனைல் ஃபீனால் சேர்ந்த அந்த டிடர்ஜெண்ட் நீரில் கலந்தால் மீன்களைப் பாதிக்கும் என்பதால் பல நாடுகளில் அதற்குத் தடை இருக்கிறது.

"சாயப்பட்டறையைக் கேட்டேனுங்க மேடம். அவங்க வெட்டிங் ஏஜெண்ட் மேல கையைக் காட்றாங்க. பல்லடத்துல ஒரு அம்மா தயார் பண்ணிக் குடுக்கறாங்களாம். பட்டறை டிரம்மிலிருந்து நானே எடுத்துட்டு வந்தேன். இதுல அது இருக்குதா இல்லியா, அவ்வளவுதானுங்க. நாளைக்கு மதியம் பையர் மீட்டிங்."

துணி சாயத்தை ஒரே சீராகக் குடிப்பதற்காகச் சேர்க்கும் நுரைக்கிற திரவம்தான் வெட்டிங் ஏஜெண்ட். ஒரு நாள் போதும் என்று நான் சொன்னேன். அப்படிச் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

மாதிரிகளைத் தயார் செய்பவர் ஸ்டெல்லா. என்னைப் போலவே தெற்கிலிருந்து வந்தவர், என்னைவிடப் பத்து வயது இளையவர். நீரை ஆவியாக்கி, மிஞ்சியதைக் கருவிக்கான குளோரோஃபார்மில் கரைத்துக் குழாயில் ஊற்றிக் கொண்டுவந்தார். தரும்போது கேட்டார்.

"அக்கா, இது ஏன் டீத்தண்ணி மாதிரி இருக்கு? நல்லா வடிகட்டித் தரட்டுமா?"

"சாயப்பட்டறைச் சரக்கு, அப்படித்தான் இருக்கும். நேரமில்ல, குடு" என்றேன்.

கோடுகள் தடிமனாக வந்தன. காந்தப் புலத்தைச் சீராக்கும் வேலையை, ஷிம் செய்வதை, மூன்று முறை செய்து பார்த்தேன். அசையவில்லை. அடையாளக் குறிக்காகச் சேர்த்திருந்த பொருளின் கோடு எப்போதும் ஊசி போல இருக்கும். அன்றைக்கு அதுவும் தடித்திருந்தது. அப்போது என்ன செய்திருக்க வேண்டும் என்பது இரண்டாம் வருட மாணவருக்குக்கூடத் தெரியும். நம்மிடம் உள்ள தரமான ஒரு மாதிரியைக் கருவிக்குள் வைத்துப் பார்க்க வேண்டும். அது மெலிதாக வந்தால் காந்தத்தில் குறையில்லை, குறை மாதிரியில் இருக்கிறது. பத்து நிமிட வேலை. நான் அதைச் செய்யவில்லை, கணினியிடம் போனேன்.

பதிவான சமிக்ஞையைக் கணக்கால் பெருக்கித் தடித்த கோட்டை மெலியச் செய்யும் வழி ஒன்று இருப்பது உங்களுக்குத் தெரியும். அளவோடு பயன்படுத்தினால் நல்ல கருவி. நான் அளவை மீறினேன். வேண்டிய வடிவம் வரும்வரை எண்களை மாற்றிக்கொண்டே இருந்தேன். கடைசியில் பென்சீன் வளையத்துக்குரிய பகுதியில் கோடுகள் இரண்டு கூட்டங்களாகத் தெரிந்தன. ஒவ்வொன்றும் இரண்டாகப் பிளந்து அழகாக நின்றது. தடை செய்யப்பட்ட டிடர்ஜெண்டின் வளையத்தில் ஒரு முனையில் ஒரு சங்கிலியும் நேர் எதிர் முனையில் இன்னொரு சங்கிலியும் தொங்கும். மீதியுள்ள நான்கு ஹைட்ரஜன்களும் இரண்டிரண்டாக நின்று இதே படத்தைத்தான் தரும். கோட்டின் அளவு ஹைட்ரஜன்களின் எண்ணிக்கையைச் சொல்லும்; இரண்டு கூட்டங்களின் அளவும் ஏறக்குறையச் சமமாக இருந்தது.

இடித்த விஷயங்கள் இல்லாமல் இல்லை. ஒரு கூட்டம் இருக்க வேண்டிய இடத்திலிருந்து சற்றுத் தள்ளி இருந்தது. மாதிரி அடர்த்தியாக இருப்பதால் நகர்ந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கோடுகளின் இரண்டு பக்கமும் பள்ளம் விழுந்திருந்தது. கணக்கு மிஞ்சினால் அப்படித்தான் பள்ளம் விழும். அந்தப் பள்ளத்துக்குள் சிறிய கோடு ஏதாவது இருந்தால் காணாமல் போய்விடும் என்றும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன். "உள்ளது" என்று எழுதினேன். மறுநாள் காலை கதிர்வேல் வந்து அறிக்கையை வாங்கிக்கொண்டு நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

எட்டு நாள் கழித்து ஒரு பெண் வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். பெயர் மகேஸ்வரி என்றும், பல்லடத்தில் வெட்டிங் ஏஜெண்ட் தயாரிப்பது தான்தான் என்றும் வரவேற்பில் சொல்லியிருக்கிறார். வாடிக்கையாளர் அல்லாத ஒருவரிடம் அறிக்கையைப் பற்றிப் பேசக் கூடாது என்பது எங்கள் விதி. அதைச் சொல்லி அனுப்பிவிடலாம் என்றுதான் நான் கீழே போனேன்.

அவர் எழுந்து நின்று கும்பிட்டார். கையில் எங்கள் அறிக்கையின் நகல் இருந்தது. சாயப்பட்டறையில் கொடுத்திருக்கிறார்கள்.

"ஏனுங்க மேடம், இதுல இருக்கறது உங்க கையெழுத்துங்களா?"

"ஆமாம்மா. ஆனா இதைப் பத்தி உங்ககிட்ட நான் பேசக் கூடாது. கேட்டவங்க வேற."

"நீங்க பேச வேண்டாமுங்க. நான் சொல்றதை மட்டும் கேளுங்க." அவர் உட்காரவில்லை. "கோழிப்பண்ணை நொடிச்ச பொறகு என்ற ஊட்டுக்காரர் அந்தக் கொட்டாயிலதானுங்க இதை ஆரம்பிச்சார். அவர் தவறினதுக்கப்புறம் நான் நடத்தறேன். ஆறு பொம்பளைங்க வேலைக்கு இருக்காங்க. இப்ப நாலு பட்டறையும் சரக்கு வேண்டாம்னுட்டாங்க. தப்பு பண்ணியிருந்தா செரி, மூடிட்டுப் போறேன். நான் போடாத சரக்கு எப்படிங்க உள்ள வரும்?"

அவர் ஒரு நோட்டைத் திறந்து கலவை எழுதியிருந்த பக்கத்தை என் பக்கம் திருப்பினார். தொழிலில் யாரும் வெளியாளுக்குக் காட்டாத பக்கம் அது.

"கொழுப்பு ஆல்கஹால் சரக்கு ஒண்ணு, தண்ணி, உப்பு. கெட்டுப் போகாம இருக்க ஒரு மருந்து. அவ்வளவுதானுங்க."

"என்ன மருந்து?"

விரலால் தொட்டுக் காட்டினார். ஃபீனாக்ஸி எத்தனால். அழகுப் பொருள்களில்கூடச் சேர்க்கும் சாதாரணப் பாதுகாப்புப் பொருள், தடை எதுவும் இல்லாதது. அதற்கும் பென்சீன் வளையம் உண்டு. ஏறக்குறைய அதே இடத்தில்தான் அதுவும் கோடு போடும்.

நான் கையெழுத்திட்ட படம் இதனுடையதாகவே இருக்கலாம். முகத்தில் காட்டிக்கொள்ளாமல் இன்னொரு கேள்வி கேட்டேன். "நீங்க சரக்கை எதுல அனுப்புவீங்க? இரும்பு டிரம்மா?"

"இல்லீங்க. நீல பிளாஸ்டிக் கேன்தானுங்க. பட்டறையில அவங்க பழைய இரும்பு டிரம்முல கொட்டி வெச்சுக்குவாங்க. வேண்டாமுன்னு சொன்னாலும் கேக்கறதில்லீங்க."

ஸ்டெல்லா சொன்ன டீத்தண்ணி நிறம் துருவால் வந்தது. கரைந்த இரும்பு தானே ஒரு குட்டிக் காந்தம் போல நடந்துகொண்டு, பக்கத்தில் உள்ள எல்லாக் கோடுகளையும் தடிக்க வைக்கும். காந்தத்தை எத்தனை முறை சீராக்கினாலும் தீராது.

அவர் தன் பையிலிருந்து மூடி திறக்காத ஒரு சிறிய கேனை எடுத்து, இதைச் சோதித்துப் பாருங்கள் என்றார். நான் வாங்கவில்லை. புதிய கேனில் அது இல்லை என்று காட்டினால், பழைய டிரம்மில் இருந்தது என்பதற்கு அது மறுப்பாகாது. பழைய மாதிரியின் மிச்சம் எங்கள் அலமாரியில் இருந்தது. பார்க்க வேண்டியது அதைத்தான். அவரிடம் அதையும் சொல்ல முடியாது. "ஒரு வாரம் குடுங்கம்மா" என்று மட்டும் சொன்னேன். அவர் கேனைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

அன்று மதியமே ஆய்வக இயக்குநரிடம் போய் நடந்ததைச் சொன்னேன்.

"மேடம், நம்ம கிளையண்ட் யாருங்க? அந்த கம்பெனி. அவங்க கேக்காத டெஸ்ட்டை நாம ஏனுங்க மறுபடி பண்ணணும்? ரிப்போர்ட்டை வாபஸ் வாங்கினோம்னு தெரிஞ்சா ஊர்ல எவன் நம்மளை நம்புவான்?"

"சார், அதுல இருக்கிறது என் கையெழுத்து. எனக்கே சந்தேகம் வந்துட்டு. பார்க்காம இருக்க முடியாது."

அவர் மேசைமேல் இருந்த தாள்களை அடுக்கினார், மறுபடி கலைத்தார். "செரி, பாருங்க. ரிசல்ட் மாறினா மொதல்ல எங்கிட்ட வாங்க. வேற யார்கிட்டயும் வாயைத் தொறக்காதீங்க" என்றார். அவர் நிலையில் அது நியாயம்தான்.

இந்த முறை ஸ்டெல்லாவிடம் நானே போய், அன்றைக்கு நீ சொன்னதை நான் கேட்டிருக்க வேண்டும் என்று சொன்னேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "இரும்பைப் பிடிச்சு இழுக்க ஈ.டி.டி.ஏ. போட்டுக் கழுவணும் அக்கா. ஆனா இது நுரைக்கிற சாமான், குலுக்கினா பிரியாது" என்றார். உப்புச் சேர்த்து, குலுக்காமல் மெதுவாகப் புரட்டி, சுழலியில் வைத்துப் பிரித்து, பஞ்சில் இரண்டு முறை வடிகட்டி எடுத்தார். அதற்கே ஒரு முழுப் பகல் ஆனது. கடைசியில் கிடைத்த கரைசல் தண்ணீர் போல இருந்தது. அதை முன்பைவிட நீர்க்கச் செய்தோம். கரைந்திருக்கும் ஆக்ஸிஜனும் கோட்டைத் தடிக்கச் செய்யும் என்பதால் நைட்ரஜனை மெல்ல ஊதி அதை வெளியேற்றினோம். கீறல் இல்லாத புதுக் குழாயில் ஊற்றினோம்.

முதலில் தரமான மாதிரியை வைத்துக் காந்தத்தைச் சோதித்தேன். கோடு ஊசி போல வந்தது. பிறகு நம் குழாயை வைத்தேன். ஷிம் இரண்டாவது முறையிலேயே படிந்தது. கணக்கு எதுவும் போடாத கோடுகள் திரையில் வந்தன.

நான் சமமான இரண்டு கூட்டம் என்று எழுதியிருந்த இடத்தில் இப்போது வேறு படம் இருந்தது. இடது பக்கக் கூட்டத்தோடு குளோரோஃபார்மின் சொந்தக் கோடும் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. இரண்டு ஹைட்ரஜனுக்கான அளவு மூன்று போலத் தெரிந்ததற்கு அதுதான் காரணம். வலது பக்கக் கூட்டம் உண்மையில் இரண்டு கூட்டம். இரண்டாகப் பிளந்த ஒன்று. அதன் தோளில் சாய்ந்தபடி, மூன்றாகப் பிளந்த சிறியது இன்னொன்று. மூன்றாகப் பிளந்திருந்தால் அந்த ஹைட்ரஜனுக்கு இரண்டு பக்கமும் அண்டை இருக்கிறது என்று பொருள். வளையத்தின் எதிர் முனையில் ஒரு ஹைட்ரஜன் உட்கார்ந்திருக்கிறது. தடை செய்யப்பட்ட டிடர்ஜெண்ட் என்றால் அந்த முனையில் சங்கிலி அல்லவா தொங்க வேண்டும்?

ஒரு முறை தவறியவள் என்பதால் கண்ணில் பட்டதை மட்டும் நம்பத் துணியவில்லை. பென்சீனில் கரைத்துப் பார்த்தேன். கரைப்பானை மாற்றினால் ஒட்டிய கோடுகள் சில நேரம் விலகும். இங்கே பென்சீனின் மிச்சக் கோடே வந்து குறுக்கே உட்கார்ந்துகொண்டது, பயனில்லை. எனவே நேர்வழிக்கு வந்தேன். அதே குளோரோஃபார்ம் குழாயில் சுத்தமான ஃபீனாக்ஸி எத்தனாலை மிகச் சிறிதளவு விட்டேன். புதுக் கோடு ஒன்றும் முளைக்கவில்லை, இருந்தவையே உயர்ந்தன. பிறகு தடை செய்யப்பட்ட டிடர்ஜெண்டைச் சிறிதளவு விட்டேன். இதுவரை காலியாக இருந்த இடத்தில் இரண்டு கூட்டங்கள் தனியாக எழுந்தன. அதற்கு மேல் சந்தேகப்பட ஒன்றும் இல்லை. மாதிரியில் அது இல்லை. நான் எழுதியது தவறு.

இயக்குநர் மூன்று படங்களையும் பார்த்தார். பிறகு, "வாபஸ் கடிதத்தை நீங்களே எழுதுங்க. நானும் கையெழுத்துப் போடறேன்" என்றார்.

கதிர்வேலை நேரில் வரச் சொன்னோம். படித்ததும் அவர் முகம் சிவந்துவிட்டது.

"போன வாரம் இருக்குதுன்னீங்க, இந்த வாரம் இல்லீங்கறீங்க. அடுத்த வாரம் என்னங்க சொல்லுவீங்க? பையருக்கு காரணம் கண்டுபிடிச்சாச்சுன்னு மெயில் போட்டுட்டேன். பட்டறையில அந்தம்மா சரக்கையே நிறுத்தச் சொல்லிட்டேன். இப்ப நான் எந்த முகத்தை வெச்சுட்டுப் போறது?"

அவர் சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. நான் சமாதானம் சொல்லவில்லை. திரைக்கு முன்னால் உட்கார வைத்துப் பழைய படத்தையும் புதிய படத்தையும் காட்டி, நான் எந்த இடத்தில் எதை விட்டேன் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். டிடர்ஜெண்ட் விட்டதும் எழுந்த கோடுகளையும் காட்டினேன். கோபம் போகாவிட்டாலும் கவனித்துக் கேட்டார். கடைசியில் கேட்டார்.

"அப்ப துணியில அது எப்படிங்க வந்துச்சு?"

"எனக்குத் தெரியல சார். அந்தத் துணி மேல என்னென்ன பட்டுச்சோ, பேர் தெரிஞ்சது தெரியாதது எல்லாத்தையும் கொண்டு வாங்க."

நான்கு நாளில் ஒன்பது பாட்டில்களோடு வந்தார். எட்டுப் பாட்டில்களில் அந்த டிடர்ஜெண்ட் இல்லை. ஒன்பதாவதில் சீட்டு ஒட்டவில்லை. தைத்து முடித்த உடுப்பில் எண்ணெய்க் கறை இருந்தால் செக்கிங் பிரிவில் ஒரு தெளிப்புத் துப்பாக்கியால் திரவத்தைப் பீய்ச்சிக் கறை எடுப்பார்கள். அந்தத் திரவம். வழக்கமாக வாங்குவது தீர்ந்துபோன ஒரு வாரத்தில் சூப்பர்வைசர் கடைவீதியில் வாங்கி வந்ததாம்.

கோடுகள் திரையில் வந்தன. கதிர்வேல் குனிந்து பார்த்தார். மற்ற எட்டிலும் காலியாக இருந்த அந்த இடத்தில் இரண்டு கூட்டங்கள், ஒவ்வொன்றும் இரண்டு பிளவு. அவருக்கே படிக்கத் தெரிந்திருந்தது.

"எங்க ஊட்டுக்குள்ளயே இருந்துருக்குதுங்க" என்றார்.

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வாடிக்கையாளருக்கு அவர் உண்மையை எழுதினார். நாலு பட்டறைகளுக்கும் எங்கள் கடிதத்தின் நகலை அவரே கொண்டுபோய்க் கொடுத்தார். அப்படிச் செய்யும்படி நாங்கள் கேட்டிருந்தோம், மறுத்திருக்கவும் அவரால் முடியும். இரண்டு பட்டறைகள் மகேஸ்வரியிடம் திரும்ப வந்தன. மற்ற இரண்டும் அதற்குள் வேறு சரக்குக்குப் பழகிவிட்டன. வேலையிலிருந்த ஆறு பேரில் இருவர் சோமனூர்ப் பக்கம் தறிக்குப் போய்விட்டார்கள், திரும்பவில்லை. என் தவறு முழுவதும் சரியாகிவிட்டது என்று உங்களிடம் சொல்ல முடியாது.

உங்களுக்குச் சொல்ல விரும்புவது அதிகமில்லை. கோடு தடித்து வந்தால் அதை மெலியச் செய்யும் வழியைத் தேடுமுன், ஏன் தடித்தது என்று கேளுங்கள். முதலில் மாதிரி, பிறகு குழாய், பிறகு காந்தம். கணக்கு எல்லாவற்றுக்கும் கடைசியில். கணக்கால் கிடைத்த பிளவு, கணக்குப் போடாத படத்தில் ஒரு சாயலாகக்கூட இல்லை என்றால் அதை நம்பி ஒரு சொல்லும் எழுதாதீர்கள். மாதிரியைக் கையில் எடுத்துப் பார்த்தவர் சொல்வதை, கருவியின் முன் உட்கார்ந்திருப்பவர் கேட்க வேண்டும். இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். அன்றைக்கு நான் அறியாமையால் தவறவில்லை. ஒரு நாளில் முடிப்பேன் என்று சொல்லிவிட்டேன், தேடிய படமும் கிடைத்துவிட்டது. அதனால்தான் தவறினேன்.

இரண்டு மாதம் கழித்து மகேஸ்வரி மறுபடி வந்தார், இந்த முறை வாடிக்கையாளராக. ஒவ்வொரு தயாரிப்பையும் இனிமேல் இங்கே சோதித்து அனுப்பப் போவதாகச் சொல்லிப் படிவத்தை நிரப்பினார். வேறு ஆய்வகங்களும் இருக்கின்றனவே என்று நான் கேட்டேன்.

"இருக்குதுங்க. அவங்க தப்பு பண்ணினா எனக்கு எப்படிங்க தெரியும்?" என்றார். குத்திக் காட்டினாரா, நிஜமாகவே அப்படி நினைத்தாரா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பிறகு, எப்படித் தவறானது என்று பார்க்க வேண்டும் என்றார். இப்போது விதி தடுக்கவில்லை. கதிர்வேலும் சம்மதித்திருந்தார். மேலே அழைத்துப் போய் இரண்டு படங்களையும் திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தேன். மூன்றாகப் பிளந்திருந்த சிறிய கோட்டை அவர் விரல் தொடாமல் சுட்டிக் காட்டினார்.

"இந்த மூணும் மொதல்ல டெஸ்ட் பண்ணினப்பவும் இங்கதானுங்க இருந்துச்சு?"

"இருந்துச்சு."

"நீங்கதான் பாக்கலீங்க."

"பாக்கலம்மா."

"செரிங்க" என்றார். பையை எடுத்துக்கொண்டு, பல்லடம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிப் படியிறங்கிப் போனார்.